சோலார் வேலி: பெட்டியைப் பார்க்காதீங்க, எர்த்தைப் பாருங்க

'50 ஏக்கர் வரை தாங்கும்' என்று அட்டைப்பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். வேலி மெஷினுக்கு ஏக்கர் கணக்கே கிடையாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் கம்பியின் நீளமும், அந்தக் கம்பியில் எத்தனை இடத்தில் கரண்ட் ஒழுகுகிறது என்பதும்தான். சதுரமாகக் கிடக்கும் நாலு ஏக்கர் தோட்டத்தைச் சுற்றிவர ஏறக்குறைய 500 மீட்டர். அஞ்சு வரிசை இழுத்தால் இரண்டரைக் கிலோமீட்டர் கம்பி. அதே நாலு ஏக்கர் ஓடையோரம் நீளவாக்கில் ஒல்லியாகக் கிடந்தால் கம்பி இன்னும் கூடும். அருகம்புல் ஏறிய வரப்பாக இருந்தால், அதே மெஷின் பாதி நீளத்திலேயே மூச்சு வாங்கும். ஆகவே ஏக்கரைப் பார்த்து மெஷின் வாங்குவதை முதலில் விட்டுவிடுவோம்.

நான் பார்த்தது இரண்டு மெஷின்கள். ஒன்று, இணையத்தில் 'ஜட்கா மெஷின்' என்று தேடினால் வரிசைகட்டி வருமே, அந்த ரகம். விலை ஐந்தாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. இன்னொன்று, கோயம்புத்தூரில் வேலிச் சாமான் மட்டுமே விற்கிற கடையில் வாங்கியது. விலை அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். இரண்டின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. ஒரே பெட்டி ஏழெட்டு ஸ்டிக்கரில் விற்பனைக்கு வருகிறது; இந்த மாதம் இருக்கும் பெயர் அடுத்த மாதம் இருப்பதில்லை. பெயரை விட, பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் எண்கள்தான் வாங்குபவருக்கு உதவும்.

ஓட்டிப் பார்த்த இடம் மச்சானின் தோட்டம். அந்தியூரிலிருந்து பர்கூர் மலைக்கு ஏறுகிற பக்கம், அடிவாரம். மேற்கே காடு. 2024 ஜனவரியில் அரசு அறிவித்த தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் இந்த மலைப் பக்கத்தில்தான் வருகிறது. தோட்டத்தில் மக்காச்சோளம், மரவள்ளி, கிணற்று மேட்டில் கொஞ்சம் வாழை, வீட்டோரம் ஆட்டுப்பட்டி. கிழக்கிலும் தெற்கிலும் தாத்தா காலத்துக் கிளுவை வேலி. பன்றி வாராவாரம் வரும். யானை எப்போதாவது வரும். மயிலுக்கு நாள் கிழமை கிடையாது. ஒரு மக்காச்சோளப் பட்டம் முழுக்க இரண்டு மெஷினையும் மாற்றி மாற்றிப் பூட்டிப் பார்த்தோம். ஒரே வேலியில் ஒரே நேரத்தில் இரண்டு மெஷின் பூட்டக்கூடாது. இரண்டின் அடியும் கலந்து விழுந்தால், தொட்டவருக்குக் கையை எடுக்க இடைவெளி இருக்காது.

அந்த இடைவெளியில்தான் இந்தச் சாதனத்தின் சூட்சுமமே இருக்கிறது. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுத்து, சில நூறு வோல்ட்டாக்கி ஒரு கண்டென்சரில் தேக்குகிறது. ஒரு விநாடிக்கு மேல் ஆனதும் தேக்கியதை ஒரே மூச்சில் டிரான்ஸ்பார்மருக்குள் கொட்டுகிறது. கம்பியில் எட்டாயிரம், ஒன்பதாயிரம் வோல்ட் வந்துபோகிறது. வந்து நிற்கும் நேரம் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பெட்டிக்குள்ளிருந்து 'டக்... டக்...' என்று கேட்பது அதுதான். வோல்ட் பயங்கரம், நேரம் அற்பம். அதனால் தொட்ட உடம்பு உதறிக்கொண்டு விலகுமே தவிர, கம்பியோடு ஒட்டிக்கொள்வதில்லை. ஈபி லைனை நேராகக் கம்பியில் கொடுப்பது வேறு சங்கதி. அதில் கரண்ட் விடாமல் ஓடும், தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஆளும் சாவான், யானையும் சாகும்.

ஆரம்பகால மின்வேலிகள் கொஞ்சம் புல் பட்டாலே படுத்துவிடும். நியூசிலாந்தில் 1930களில் பில் கல்லகர் என்ற பண்ணைக்காரர், தன் கார்மேல் உடம்பை உரசிக்கொண்டே இருந்த குதிரையை விரட்டச் செய்த ஏற்பாட்டிலிருந்து ஒரு பெரிய கம்பெனியே வளர்ந்தது. அதே நாட்டில் 1962இல் டக் பிலிப்ஸ் என்பவர் கண்டென்சர் முறையைக் கொண்டுவந்த பிறகுதான், சில நூறு மீட்டரில் நின்றுகொண்டிருந்த வேலி பல கிலோமீட்டருக்கு ஓடியது. இன்றைக்கு நம் கைக்கு வரும் ஐந்தாயிரம் ரூபாய்ப் பெட்டிக்குள்ளும் அந்த யோசனைதான் இருக்கிறது.

இனி எண்கள். விளம்பரம் வோல்ட்டைத்தான் கத்திச் சொல்லும்: '12,000 வோல்ட்!' கம்பி எதுவும் பூட்டாமல் வெறும் மெஷினில் அளந்தால் இரண்டுமே ஒன்பதாயிரத்துக்கு மேல்தான் காட்டின. விலை குறைந்தது கொஞ்சம் அதிகமாகவே காட்டியது. வேலியைப் பூட்டிய பிறகு, பனி இறங்கிய விடியற்காலையில் தோட்டத்தின் மேற்கு மூலையில் அளந்தபோது விலை குறைந்தது மூவாயிரத்துக்கும் கீழே விழுந்துவிட்டது. மற்றது ஆறாயிரத்தைத் தாண்டியே நின்றது. காரணம் ஜூல். ஒவ்வொரு அடியிலும் எவ்வளவு சக்தி போகிறது என்பதைச் சொல்லும் எண் அது. ஓட்டைக் குழாயில் தண்ணீர் தள்ளும் மோட்டாருக்கு ஹெச்பி எப்படியோ, ஒழுகும் வேலிக்கு ஜூல் அப்படி. இதிலும் ஒரு சூது உண்டு. கண்டென்சரில் தேங்கும் ஜூலைப் பெரிதாகப் போட்டு, வெளியே வரும் ஜூலை மறைத்துவிடுவார்கள். வெளியே வருவது அதைவிடக் கணிசமாகக் குறைவு. கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "அவுட்புட் எத்தனை ஜூலுங்க?" இதற்கு நேராகப் பதில் சொல்லாத கடையில் வாங்க வேண்டாம். மேலே போவதற்கும் எல்லை உண்டு. 500 ஓம் தடையில் ஓர் அடிக்கு 5 ஜூலுக்கு மேல் போகக்கூடாது, அடிக்கும் அடிக்கும் இடையே ஒரு விநாடியாவது இருக்க வேண்டும் என்பது தரக்கட்டுப்பாடு. இந்தியத் தர எண் ஐ.எஸ். 302-2-76. அந்த எண் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் இரண்டில் ஒன்றில்தான் இருந்தது. எது என்று சொல்லத் தேவையில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் என் அபிப்பிராயம், மெஷின் இரண்டாம்பட்சம். முதலாவது எர்த்.

கரண்ட் கம்பியில் போய், பன்றியின் மூக்கு வழியாக இறங்கி, கால் வழியாக மண்ணுக்குள் போய், மண்ணிலேயே பயணம் செய்து மெஷினின் எர்த் ராடுக்குத் திரும்பி வந்தால்தான் ஷாக். திரும்பி வர வழியில்லை என்றால், கம்பியில் பத்தாயிரம் வோல்ட் இருந்தும் பன்றிக்குக் கூசக்கூட கூசாது. வேலி போட வந்த தம்பி, மோட்டார் ரூம் ஓரம் இரண்டடி ராடு ஒன்றை அடித்து, "போதுங்ணா, எல்லாத் தோட்டத்துலயும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஐப்பசி மழையில் மண் ஊறிக் கிடந்தபோது அதுவும் போதுமானதாகத்தான் இருந்தது. தை பிறந்து செம்மண் காய்ந்து, அடியில் இருக்கும் சுக்கான் பாறை சூடேறியதும் வேலி வெறும் கொடிக்கம்பி ஆகிவிட்டது. கம்பியில் மூக்கை வைத்தும் அசையாமல் நின்ற பன்றியை டார்ச் வெளிச்சத்தில் மச்சானே பார்த்தார்.

பிறகு முறையாகச் செய்தோம். ஆறடி ஜிஐ ராடு மூன்று, ஒன்றுக்கொன்று பத்தடி தள்ளி, வாய்க்கால் ஓரம் எப்போதும் ஈரம் நிற்கும் இடத்தில். மூன்றையும் ஒரே கம்பியால் கிளாம்ப் போட்டு இணைத்தோம். மோட்டாரின் ஈபி எர்த்திலிருந்து பத்து மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலியின் அடி மோட்டார் பெட்டியிலும் ஸ்டார்ட்டரிலும் எட்டிப் பார்க்கும். எர்த் சரியா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. மெஷினிலிருந்து நூறு மீட்டர் தள்ளிப் போய், மெஷினை நிறுத்திவிட்டு, இரும்புக் கடப்பாரைகளை வேலியில் சாய்த்து மண்ணோடு சேர்த்துவிடுங்கள். மறுபடி போட்டால் வேலியில் வோல்ட் இரண்டாயிரத்துக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். இப்போது கடைசி எர்த் ராடுக்கும், அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிக் குத்திய டெஸ்டர் கம்பிக்கும் இடையே அளங்கள். 300 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் எர்த் நலம். மேலே போனால் இன்னொரு ராடு அடியுங்கள். நாங்கள் அடித்தோம். அதற்கான செலவு மெஷின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அப்படியும் சித்திரை வெயிலில் மண் ஏமாற்றும். அதற்கு வழி, அஞ்சு வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்றை எர்த் வரிசையாக்கிவிடுவது. பன்றியோ மாடோ இரண்டு கம்பிக்கு நடுவே தலையை நுழைத்தால் மண்ணின் தயவில்லாமலே அடி விழும். மேற்குப் பக்கம் மட்டும் இப்படி மாற்றிய பிறகு கோடையிலும் வேலி உயிரோடு இருந்தது.

கம்பி விஷயத்தில் கஞ்சம் கூடாது. ஜட்கா மெஷினோடு இலவசமாக வரும் மெல்லிய கிளட்ச் வயர், பட்டிக்குச் சரி, தோட்டத்துக்கு ஆகாது. கம்பியின் தடிமன் பாதியானால் தடை நாலு மடங்காகும். இரண்டரை மில்லிமீட்டர் ஜிஐ கம்பி கனம்தான், இழுத்துக் கட்டவும் ஆள் வேண்டும். ஆனாலும் அதுதான் தூரத்துக்குக் கரண்டைக் கொண்டுபோகிறது. மெஷினிலிருந்து வேலிக்குப் போகும் ஒயரில் பலரும் கோட்டை விடுகிறார்கள். வீட்டுக்கு இழுக்கும் சாதா ஒயரின் உறை ஆயிரம் சொச்சம் வோல்ட்டுக்குத்தான் தாங்கும். அதைக் குழாய்க்குள் விட்டு மண்ணுக்குள் புதைத்தால், வெளியே தெரியாமல் உள்ளேயே ஒழுகிக்கொண்டிருக்கும். வேலிக்கென்றே இரட்டை உறை போட்ட ஹை வோல்டேஜ் கேபிள் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். செம்புக் கம்பியையும் ஜிஐ கம்பியையும் முறுக்கி இணைத்தால் ஒரே மழைக்காலத்தில் பச்சை பூத்து அரித்துவிடும். போல்ட் கிளாம்ப் போட வேண்டும்.

எங்கள் பக்கம் வேலிக்குக் கல்லுக்கால்தான். இன்சுலேட்டருக்குப் பதிலாகப் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கம்பி கட்டுவது வழக்கம். ரப்பர்தானே என்று நினைக்கிறார்கள். டியூபில் இருக்கும் கருப்பு கார்பன். எட்டாயிரம் வோல்ட்டுக்கு அது தடையே இல்லை. ராத்திரி இருட்டில் வேலியோரம் நடந்தால், நனைந்த கல்லுக்காலில் டியூப் சுற்றிய இடங்களில் நீலமாகப் பொறி தெறிப்பது கண்ணுக்கே தெரியும். ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க இன்னும் நல்ல கருவி, பரணில் கிடந்த பழைய மீடியம் வேவ் டிரான்சிஸ்டர். ஸ்டேஷன் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை வைத்துக்கொண்டு வேலியோரம் நடந்தால், ஒழுகும் இடத்தில் 'டக்' சத்தம் கூடிக் கேட்கும். டெஸ்டர் வாங்கக் காசில்லாதவர்களுக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. வீட்டு மல்டிமீட்டரை மட்டும் வேலியில் வைத்துவிடாதீர்கள். அதோடு அதன் ஆயுள் முடிந்தது.

இப்போது எதிராளிகள்.

பன்றிக்கு இந்த வேலி நிச்சயமாக வேலை செய்கிறது, கீழ்க்கம்பி சரியான உயரத்தில் இருந்தால். பன்றியின் முதுகிலும் பக்கத்திலும் தடித்த மயிர், அடியில் சேறு காய்ந்த தோல். அங்கே கம்பி பட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஈரமான மூக்கில் பட வேண்டும். கீழ்க்கம்பி எட்டு அங்குலத்தில், அடுத்தது ஒன்றரை அடிக்குள். காடு இறங்கும் இடத்தில் மேடுபள்ளம் இருந்தால், பள்ளத்தில் கம்பிக்கும் தரைக்கும் நடுவே கூடும் இடைவெளியைத்தான் பன்றி தேடும். மச்சான் அங்கெல்லாம் துண்டுக் கம்பி தனியாகத் தொங்கவிட்டார்.

ஒரு ராத்திரி மோட்டார் ரூம் மாடியில் உட்கார்ந்து பார்த்தோம். பெரிய தாய்ப்பன்றி ஒன்று, பின்னால் குட்டிகள். வரப்பில் நின்று மோப்பம் பிடித்தது. முந்திய வாரம்வரை நுழைந்த இடம். மூக்கை நீட்டிக் கம்பியைத் தொட்டதும் வீலென்று ஒரு கத்தல். முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கி, குட்டிகளை மிதித்துக்கொண்டே ஓடியது. ஓடிய திசைதான் முக்கியம். தலை கம்பியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு அடி விழுந்தால் பன்றி பின்னால் போகாது. முன்னால் பாய்ந்து தோட்டத்துக்குள்ளேயே விழும். அதனால்தான் வேலியை முதல் நாளிலிருந்தே போட்டு வைக்க வேண்டும். கம்பி இழுத்துவிட்டு மெஷின் வரும்வரை சும்மா விட்டால், இது வெறும் கம்பி என்று அவை கற்றுக்கொள்கின்றன. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் தந்த யோசனை ஒன்று பலித்தது: கீழ்க்கம்பியில் அங்கங்கே அலுமினியத் தகடு சுற்றி, கடலைப் புண்ணாக்கைக் கரைத்துத் தடவிவிடுவது. தானாக வந்து மூக்கை வைத்து ஒருமுறை வாங்கிக்கொண்ட பன்றி, பிறகு அந்தப் பக்கம் கவனமாகவே வருகிறது.

2025 ஜனவரியில் தமிழக அரசு பன்றிக்கு ஒரு முடிவு சொன்னது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறை சுடலாம். மச்சானின் தோட்டம் முதல் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அவருக்கு வேலியை விட்டால் வேறு வழியில்லை.

யானை விஷயத்தில் விற்பனைக்காரர் பேச்சை நம்பாதீர்கள். யானைக்கு இந்த அடி வலிக்கும், உண்மை. ஆனால் தந்தத்தில் கரண்ட் பாயாது என்று தெரிந்துகொண்ட கொம்பன்கள் தந்தத்தால் கம்பியை அறுக்கின்றன. தந்தமில்லாதவை மரத்தைச் சாய்த்துக் கம்பிமேல் போடுகின்றன, அல்லது கம்பியை விட்டுவிட்டு வேலிக்காலை உதைக்கின்றன. எங்கள் வேலியில் பாக்கு மரமொன்றைத் தள்ளிவிட்டு நிதானமாக வாழைக்கு நடந்து போனது ஒன்று. அதனால்தான் கேரளத்திலும் கோவைப் பக்கத்திலும் தொங்கும் சோலார் வேலி வந்தது. உயரத்தில் ஒரு கம்பியை இழுத்து, அதிலிருந்து மெல்லிய கம்பிகளை நேராகத் தொங்கவிடுகிறார்கள். உதைக்கக் கால் கிட்டாது, மிதிக்க வரிசைக் கம்பி கிடையாது. தனி ஒரு விவசாயி செய்கிற வேலை அல்ல அது, ஊர் சேர்ந்து அல்லது வனத்துறை செய்ய வேண்டியது.

இலங்கை இதில் நமக்கு முன்னாலேயே நிறையப் பாடம் படித்துவிட்டது. அங்கே வன எல்லையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு யானை வேலி போட்டார்கள். பல இடங்களில் வேலிக்கு இரண்டு பக்கமும் யானை நின்றது. பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் அவருடைய ஆய்வு மையத்தாரும் சொன்ன மாற்று எளிமையானது. எல்லையைச் சுற்றாதே, ஊரையும் வயலையும் சுற்று. நாற்று நட்டதும் போடு, அறுத்ததும் கழற்று. பராமரிப்பு ஊர்க்காரர்கள் கையில் இருக்கட்டும். வேலியை யார் பார்த்துக்கொள்கிறார்களோ அவர்களுக்கே பயிரும் சொந்தம் என்றால் கம்பியில் புல் ஏறாது என்பதை எங்கள் தோட்டத்து நான்கு பக்கத்திலேயே பார்க்கிறேன். பங்காளி நிலத்தை ஒட்டிய வடக்கு வரப்பில்தான் எப்போதும் வோல்ட் குறைவு.

மயிலும் குரங்கும் வேலியைக் கண்டுகொள்வதே இல்லை. மயில் பறந்து வந்து நடுவில் இறங்கும். குரங்கு கல்லுக்கால் வழியே ஏறும். இவற்றுக்காக இந்த மெஷினை வாங்குவது வீண்.

நாய்க்கு அருமையாக வேலை செய்கிறது. காங்கயம், வெள்ளகோவில் பக்கத்தில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறியதையும், விவசாயிகள் செத்த ஆடுகளோடு சாலைக்கு வந்ததையும் படித்திருப்பீர்கள். மச்சான் பட்டியைச் சுற்றி வெளிப்பக்கம் இரண்டு வரிசை மட்டும் இழுத்து, ஐந்தாயிரம் ரூபாய் மெஷினை அதற்குப் பூட்டினார். நீளம் குறைவு, புல் கிடையாது, ஆட்டுச் சிறுநீரில் மண் எப்போதும் ஈரம். தோட்டத்தில் தடுமாறிய அதே பெட்டி இங்கே புலியாகிவிட்டது. நாயின் மூக்கும் பாதமும் ஈரமானவை, ஒரு அடிக்கு மேல் கேட்பதில்லை.

சோலார் பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு ஜூல் மெஷின் ஒரு நாளைக்கு மூன்று நான்கு ஆம்பியர்-மணி குடிக்கும்; 40 வாட் பேனல் தாராளம். மூன்று ஜூல் மெஷின் என்றால் பத்து வரை போகும். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது என்பதால், செட்டோடு தரும் 26 ஆம்பியர்-மணி பேட்டரி கார்த்திகை அடைமழையில் ஒரு நாளைத் தாண்டித் தாங்காது. மழைக்காலத்தில்தான் பன்றியும் அதிகம். பெரிய மெஷினுக்குப் பெரிய பேட்டரியாக மாற்றிக்கொள்ளுங்கள். பேட்டரி இறங்கிவிட்டது என்று ஈபி சார்ஜரை மாட்டினால், முதலில் வேலியைக் கழற்றிவிட வேண்டும். சார்ஜர் கோளாறானால் வீட்டுக் கரண்ட் நேராகக் கம்பிக்கு வந்துவிடும் அபாயம் இருக்கிறது.

கம்பி அறுந்தாலோ வோல்ட் இறங்கினாலோ ஊளையிடும் சைரன் இரண்டு மெஷினிலும் உண்டு. பனி விழும் ராத்திரிகளில் புல் நனைந்து வோல்ட் இறங்கியதும் இரண்டு மணிக்கு அலறத் தொடங்கும். எழுந்து டார்ச் எடுத்துக்கொண்டு போனால் ஒன்றும் இருக்காது. "மாமா, பன்னி தொந்தரவ விட இது பெரிய தொந்தரவா இருக்குது" என்று மச்சான் அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டார். விலை அதிகமான மெஷினில் சிம் கார்டு போட்டுக் கைபேசி ஆப்பில் வோல்ட் பார்க்கும் வசதி இருக்கிறது. அது உருப்படியான வசதி. டவுனில் இருந்துகொண்டே வடக்கு வரப்பில் ஏதோ கோளாறு என்று தெரிந்துகொள்ள முடிந்தது. ஆனால் அடிவாரத்தில் சிக்னல் கிடைக்கிற இடத்தில் மெஷினை வைக்க வேண்டியிருந்தது, எர்த்துக்கு நல்ல இடத்தில் அல்ல. கேபிள் நீளம் கூடிவிட்டது.

வாங்குவதற்கு முன் காகிதம். 2023இல் தமிழக அரசு மின்வேலிகளுக்கென்றே பதிவு, ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. காட்டை ஒட்டிய நிலமென்றால் மாவட்ட வன அலுவலரிடம் அனுமதி வாங்க வேண்டும். முன்பே போட்ட வேலியையும் பதிய வேண்டும். அந்த ஆண்டு மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, ஈபி கரண்ட் கொடுத்த கம்பியில் சிக்கி மூன்று யானைகள் செத்து விழுந்தன. இரண்டு குட்டிகள் தாயின்றி நின்றன. அந்தக் கம்பிக்கு ஆன செலவு மெஷின் விலையில் கொஞ்சம்தான் இருக்கும். அதற்குப் பின் வரும் வனவிலங்குச் சட்டமும் மின் திருட்டு வழக்கும் நிலத்தையே விற்க வைக்கும். வேளாண்மைப் பொறியியல் துறை 5, 7, 10 வரிசை சோலார் வேலிக்கு 40 சதவீத மானியம் தந்திருக்கிறது. உங்கள் கோட்டத்தில் இந்த ஆண்டுக்கு ஒதுக்கீடு இருக்கிறதா என்று உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கம்பி வாங்குங்கள். மானியத்தில் போடும் வேலிக்கும் எர்த் ராடு எத்தனை, எத்தனை அடி என்று நீங்களே நின்று பாருங்கள்.

எனக்கு உறுத்தலாக இருப்பது கீழ்க்கம்பி. தென்னாப்பிரிக்காவில் தரையை ஒட்டிய மின்கம்பிகளில் ஆமைகளும் எறும்புத்தின்னிகளும் சாவதைப் பல காலமாகப் பதிவு செய்திருக்கிறார்கள். எறும்புத்தின்னி பயந்தால் சுருண்டுகொள்ளும். கம்பியையே உள்ளே வைத்துச் சுருண்டுகொண்டால் அடி மேல் அடி. ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடும். நம் மலையடிவாரத்திலும் எறும்புத்தின்னி உண்டு. எட்டு அங்குலத்துக்குக் கீழே கம்பியை இறக்காமலிருப்பதும், கீழ்வரிசைக்குத் தனி சுவிட்ச் வைத்துப் பகலில் நிறுத்திவிடுவதும் எங்களால் முடிந்தது. பன்றிக்கு ராத்திரிதான் வேலை, அதனால் பயிருக்கு நஷ்டமில்லை. ராத்திரி உலாவும் எறும்புத்தின்னிக்கு இது தீர்வில்லை. முள்கம்பியில் மட்டும் எந்தக் காரணத்துக்கும் கரண்ட் விடாதீர்கள். சிக்கிய உடம்பு விலக முடியாமல் போனால் இந்த மெஷினும் கொல்லும்.

பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால்: பட்டிக்கு ஐந்தாயிரம் ரூபாய் மெஷினுக்கு எட்டு, தோட்டத்துக்கு அதற்கே மூன்று. விலை கூடிய மெஷினுக்குப் பன்றி வரும் தோட்டத்தில் எட்டு, யானை வரும் தோட்டத்தில் ஐந்து. இரண்டிலுமே வாரம் ஒருமுறை வரப்புப் புல் அறுக்க ஆள் கூலி சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அது முடியாதவருக்கு இரண்டுமே பூஜ்யம்தான். மச்சான் சின்னதைப் பட்டிக்கும் பெரியதைத் தோட்டத்துக்கும் வைத்துக்கொண்டார். சைக்கிள் டியூபெல்லாம் போய்விட்டது. அடுத்த பட்டத்துக்கு முன்னால் வடக்கு வரப்பைப் பங்காளியோடு பேசித் தீர்த்துக்கொண்டு, மேற்கே இன்னும் இரண்டு ராடு அடிக்கப்போவதாகச் சொல்கிறார்.